12 போர் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யும் பெட்டி: பாதி உருப்படி, பாதி குப்பை

மூடியைத் திறந்ததும் முதல் வேலை, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பிடுங்கி வந்து பிரஷ்களின்மேல் வைத்துப் பார்ப்பது. பொன்னிறமாக மினுக்கும் முடிகள் காந்தத்தோடு எழுந்து வந்தால், அது பித்தளை முலாம் பூசிய இரும்புக் கம்பி. அந்தப் பிரஷைத் துப்பாக்கிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சைக்கிள் சங்கிலிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒட்டவில்லை என்றால் பாஸ்பர் வெண்கலமாக இருக்க வாய்ப்பு அதிகம், நல்லது. நடுவில் முறுக்கிய தண்டு மட்டும் தனியே ஒட்டினால் கவலை வேண்டாம், அது குழலின் சுவரைத் தொடாது. முடிதான் கணக்கு.

பேசுவது ‘யுனிவர்சல்’ என்று போட்டு விற்கும் பெட்டியைப் பற்றி. மலேசியாவின் பகாவ் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் இது ஆன்லைனில்தான் அதிகம் வாங்கப்படுகிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மாறும், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: மூன்று துண்டாகப் பிரியும் அலுமினியக் கம்பி, .22 முதல் 12 போர் வரையான குழல் அளவுகளுக்கு ஒரு டஜனுக்கு மேல் பிரஷ், கம்பளிக் குஞ்சங்கள், துணி மாட்டும் ஊசிக்காது போன்ற முனைகள், துணியைக் குத்தித் தள்ளும் ஜேக் என்ற முனை, பெயர் எழுதாத எண்ணெய்க் குப்பி, ஒரு ஸ்க்ரூடிரைவர், சதுரமாக வெட்டிய துணி ஒரு கட்டு. எல்லாம் அலுமினிய மூலை வைத்த பெட்டியில், கறுப்பு ஸ்பான்ஜ் மெத்தையில் அழகாகப் பதிந்திருக்கும். தோட்டத்தில் லைசென்ஸோடு இருக்கும் ஒற்றைக் குழல் 12 போருக்கு இதில் உண்மையாகவே வேலைக்கு ஆவது ஐந்து பொருள்: கம்பி, 12 போர் பிரஷ், குஞ்சம், ஊசிக்காது முனை, ஜேக். ஆகவே 50 மலேசிய வெள்ளிக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசில் 12 போர் பிரஷ், குஞ்சம், ஒரே நீளமான கம்பி என்று தனித்தனியே வாங்கினால் இதைவிட உருப்படியாகவே அமையும்.

இங்கே துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவது அல்ல. செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காக மாதத்தில் நாலு தோட்டா போகும், அவ்வளவுதான். இன்றைய புகையில்லா வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் அரிக்காத பிரைமரும் குழலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. கெடுப்பது காற்றின் ஈரம், கையின் வியர்வை, தப்பான எண்ணெய் ஆகிய மூன்றும்தான். தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம் என்று பெயர் வாங்கிய ஜெலெபு பக்கத்து மாவட்டம்தான். அங்கேயும் விடியற்காலையில் செம்பனை ஓலை சொட்டிக்கொண்டுதான் நிற்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது. துடைக்காமல் வைத்த துப்பாக்கியில் மறுநாள் காலையில் ஐந்து விரல் ரேகையும் செம்பழுப்பாகத் தெரியும். போலீசுக்குக் கொடுக்கிற கைரேகைக்குக் குறைவில்லாத தெளிவு.

இனி ஒவ்வொன்றாக.

கம்பியைப் பார்ப்போம். மூன்று துண்டும் சேர்த்தால் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் வரவேண்டும். 28 அங்குலக் குழல் 71 சென்டிமீட்டர், 30 அங்குலம் 76. பழைய துப்பாக்கிகளில் 32 அங்குலமும் உண்டு, அது 81. பிரஷ் மறுமுனையில் முழுக்க வெளியே வரும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும், வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால் குழலைக் கீறாது என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அது பாதிதான் உண்மை. மென்மையான உலோகத்தில் மணல்தூள் பதிந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு கம்பியே உப்புத்தாள் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் உள்ளே விடுமுன் கம்பியைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். மூட்டுகளில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் அந்த விளிம்பை நைசான உப்புத்தாளால் தேய்த்து உருட்டுங்கள். கூட்டிய கம்பியைக் கண்ணாடி மேசைமேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும்.

மூட்டுத் திருகுதான் இந்தப் பெட்டியின் பெரிய பலவீனம். ஆண் திருகு பித்தளை, பெண் திருகு அலுமினியம். இறுகின பிரஷைப் பலங்கொண்டு இழுக்கும்போது அலுமினியப் புரி வழன்றுபோகும், பிரஷ் குழலின் நடுவில் நின்றுவிடும். அப்படி நின்றால் இடுக்கி போட்டு இழுக்காதீர்கள். தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, குழலுக்குச் சற்று மெல்லிய மரக்கோலால், பிரஷ் போய்க்கொண்டிருந்த திசையிலேயே தள்ளி வெளியேற்றுங்கள். பிரஷை நடுக்குழலில் திசை மாற்றினால் முடி எதிர்ப்புறமாக வளைய முடியாமல் குத்தி நிற்கும். எப்போதும் ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் முழுக்க வெளியே தள்ளிய பிறகுதான் திரும்ப இழுக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, பழைய இங்கிலீஷ் துப்பாக்கியோடு வந்த மரக்கம்பியில் இந்தப் பெட்டியின் பிரஷ் ஏறாது. அமெரிக்கப் பாணி ஷாட்கன் திருகு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 27 புரி. இங்கிலாந்துத் திருகு வேறு. முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி நிற்கும். அங்கே பலத்தைக் காட்டினால் இரண்டு புரியும் பாழ்.

பிரஷ் குழலைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தால்தான் தேய்க்கும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். புதுப் பிரஷை உள்ளே விடும்போது கை கொஞ்சம் முக்க வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு போனால் அது பிரஷ் இல்லை, விளக்குத் திரி. இதைவிட முக்கியமான ஒன்று பெட்டிக்காரர்கள் யாரும் சொல்வதில்லை: தோட்டா உட்காரும் அறை குழலைவிட அகலம், 20 மில்லிமீட்டருக்கு மேல். 12 போர் பிரஷ் அங்கே சுவரை ஒழுங்காகத் தொடுவதே இல்லை. ஆனால் அழுக்கு அதிகமாக அப்பிக்கொள்வதும், துரு முதலில் பிடிப்பதும், சுட்ட தோட்டா ஒட்டிக்கொண்டு வர மறுப்பதும் அங்கேதான். விஷயம் தெரிந்தவர்கள் செய்வது, 10 போர் பிரஷ் (போர் எண் குறைந்தால் பருமன் கூடும்) ஒன்றைத் தனியே வாங்கி, குட்டைக் கம்பியில் மாட்டி, அறையை மட்டும் திருகித் தேய்ப்பது. கிடைக்காவிட்டால் பழைய 12 போர் பிரஷில் ஒரு துணியைச் சுற்றிப் பருமனாக்குங்கள். வேலை முக்கால்வாசி ஆகும்.

அறையும் குழலும் சேரும் இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. அங்கிருந்து ஒரு கைப்பிடி தூரம் வரை சாம்பல் நிறத்தில் நீளநீளமாகக் கோடு தெரிந்தால், அது பிளாஸ்டிக். தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உராய்ந்து விட்டுப்போனது. எண்ணெய்க்கு அது அசையாது. கரைப்பானை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிரஷ் போட வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு துருப்பிடிப்பதுதான் அதன் உண்மையான ஆபத்து. மேலே பளபளப்பு, கீழே குழி.

கம்பளிக் குஞ்சம் நன்றாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தப்பு அதை வைத்துக்கொள்ளும் முறையில் வருகிறது. தூசு போகாதிருக்க எண்ணெய்க் குஞ்சத்தைக் குழலுக்குள்ளேயே செருகி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கம்பளி ஈரத்தை உறிஞ்சும். குஞ்சம் உட்கார்ந்த இடத்தில் மோதிரம்போல் ஒரு துரு வளையம் விழும், அதை எந்தப் பிரஷும் எடுக்காது. குஞ்சத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு புது எண்ணெய் விடுங்கள்.

பெட்டியில் வரும் துணி மெல்லிசு, ஒரே இழுப்பில் கிழியும். பழைய பருத்தி பனியனை மூன்று அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்வது மேல். கட்சிக்காரர்கள் கொடுத்த டீ-சட்டை வேண்டாம், பெரும்பாலும் பாலியஸ்டர், ஒரு துளி உறிஞ்சாது. முதல் கறுப்பு அழுக்கைத் தள்ள துணியும் வேண்டாம். நாளிதழ்த் தாளையோ சமையலறைத் தாளையோ கசக்கி உருட்டி, தோட்டா அறைப் பக்கமிருந்து முன்பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும், பிரஷும் சீக்கிரம் அடைக்காது.

எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் போடுங்கள். பெயரில்லாத எண்ணெயை இரும்பின்மேல் தடவுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. இல்லை, சோதித்துத்தான் ஆகவேண்டும் என்றால், நாலு இரும்பு ஆணியை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, ஒன்றுக்குக் குப்பி எண்ணெய், ஒன்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஒன்றுக்கு நல்ல துப்பாக்கி எண்ணெய், ஒன்றை வெறுமனே விட்டு, கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தில் மழை நேராக விழாத இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஆணி சொல்லும்.

எண்ணெய் விஷயத்தில்தான் தோட்டப் பக்கம் அதிக விதமான வைத்தியம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் சிக்கடித்து அமிலமாகும், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். கேமரன் மலைப் பக்கம் கொண்டுபோனால் 24 டிகிரிக்குக் கீழே வெண்ணெய்போல் உறைந்து விசையையே மந்தமாக்கிவிடும். லாரியிலிருந்து இறக்கின கறுப்பு எண்ணெயில் அமிலமும் கரியும் உலோகத்தூளும் கிடக்கின்றன, அதைச் சொல்லவே வேண்டியதில்லை. தையல் மிஷின் எண்ணெய் சுத்தமானது, அசையும் பாகத்துக்கு நல்லது. ஆனால் மெல்லிசு, வழிந்து போய்விடும், வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டபிள்யூடி-40 பற்றிச் சண்டையே நடக்கும். அதன் பெயரே ‘நீரை வெளியேற்றுவது, 40ஆவது கலவை’ என்பதுதான், 1953இல் அதற்காகவே செய்தார்கள். மழையில் நனைந்து வந்த துப்பாக்கியின் இண்டு இடுக்கிலிருந்து தண்ணீரைத் தள்ள அதற்கு இணையில்லை. அதோடு அதன் வேலை முடிந்தது. ஆவியானபின் நிற்கும் படலம் மெல்லிசு. விசைப் பெட்டிக்குள் திரும்பத் திரும்ப அடித்தால் கோந்துபோல் படியும். அடித்து, பத்து நிமிடத்தில் துடைத்து, மேலே உண்மையான எண்ணெய் போடுங்கள்.

வாங்குவது என்றால் பாலிஸ்டால் நல்ல தேர்வு. 1904 முதல் ஜெர்மனியில் செய்வது. இரும்பு, மரம், தோல் மூன்றுக்கும் பாதகமில்லை. தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும், அதனால் ஈரம் முற்றும் போகாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். மணம் எல்லோருக்கும் பிடிக்காது, நாள்பட்ட பாயசம் மாதிரி இருக்கும். அழுக்கு அகற்ற ஹாப்பிஸ் நம்பர் 9 இன்னும் சரியாகவே வேலை செய்கிறது. அது கரைப்பான், காவல் எண்ணெய் அல்ல, தடவி அப்படியே விடக்கூடாது. குழல் மடங்கும் கீலுக்கு எண்ணெய் போதாது. அங்கே மிளகளவு லித்தியம் கிரீஸ். அதற்கு மேல் வைத்தால் மணலைக் கூப்பிட்டு உட்காரவைப்பது போல.

ஸ்க்ரூடிரைவர்தான் பெட்டியிலேயே மோசமான பொருள். துப்பாக்கித் திருகின் பள்ளம் மெல்லியது, இருபக்கமும் நேர் சுவர். பெட்டியில் வருவது ஆப்புபோல் சரிந்த முனை, பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும், அழுத்தினால் எகிறிப் பளபளப்பைக் கிழிக்கும். பழைய துப்பாக்கியைப் பார்த்த உடனே யார் கை பட்டது என்று திருகுத் தலையே சொல்லிவிடும். எப்படியும் இங்கே உள்ளே பிரிக்கும் வேலைக்கு நாம் போகக்கூடாது. 1960 சுடுகருவிச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரிப்பது வரைதான் நம் வேலை, அதற்குத் திருகே தேவையில்லை.

இப்போது அந்த மீதி ஒரு டஜன் பிரஷ் யாருக்கு என்ற கேள்வி. தோட்டத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதே பெட்டியைப் பழைய, கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் லிவர் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு வாங்குகிறார்கள், கேட்கவும் செய்கிறார்கள். அவர்களுக்காகச் சில வரி. .30-30 ரைஃபிளுக்கு .30 என்று போட்ட பிரஷ், .357 ரைஃபிளுக்கு 9 மில்லிமீட்டர் பிரஷ் போதும். சங்கடம் கம்பியில். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894இன் பின்பக்கம் மூடியிருக்கும், பின்னாலிருந்து நேராகக் கம்பி விட வழியில்லை. குழல் முனை வழியாகத்தான் விட வேண்டும். ரைஃபிளில் குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அந்த முனை விளிம்பு. மூட்டு மூட்டாக வரும் இந்த அலுமினியக் கம்பி அதை ஒரு பக்கமாகத் தேய்த்துவிட்டால் குறி சிதறும், திரும்ப வராது. ஆகவே அவர்களுக்கு இந்தக் கம்பி வேண்டவே வேண்டாம். கயிற்றுப் பாம்புபோல் பின்னாலிருந்து நுழைத்து முன்னால் உருவும் இழுகயிறு, அல்லது பூச்சுப் போட்ட ஒரே நீளக் கம்பியும் முனையில் பொருத்தும் பித்தளைக் கூம்பும். மார்லின் 336 வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: லிவரைப் பாதி இறக்கி, லிவர் திருகு ஒன்றைக் கழற்றி, லிவரை உருவினால், குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் பின்னால் வந்துவிடும். பின்னாலிருந்தே தாராளமாகச் சுத்தம் செய்யலாம். போல்ட் வரும்போது உள்ளே இருக்கும் எஜெக்டர் என்ற தகடு கழன்று விழும், கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டு செய்யுங்கள். எந்த லிவர் துப்பாக்கியானாலும் கரைப்பான் விடும்போது தலைகீழாகப் பிடியுங்கள், அழுக்குச் சாறு விசைப் பெட்டிக்குள் இறங்காது.

செம்பு அகற்றும் அம்மோனியாக் கரைப்பான் போடுபவர்கள் பெட்டியில் வரும் பித்தளை ஜேக்கை ஒதுக்கிவிட்டு நிக்கல் பூசியதோ பிளாஸ்டிக்கோ வாங்க வேண்டும். பித்தளையும் செம்புதானே, அந்தக் கரைப்பானில் அதுவே கரைந்து துணியை நீலப்பச்சையாக்கும். குழல் சுத்தமாகியும் ‘இன்னும் வருகிறதே’ என்று ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே பலர் தோட்டாவையும் தாங்களே நிரப்புகிறார்கள், வார்த்த ஈயக் குண்டு போடுகிறார்கள். ஈயத்துக்கு இந்த நீலக் கரைப்பான் உதவாது, நல்ல வெண்கலப் பிரஷும் பொறுமையும்தான். இங்கே மலேசியாவில் அந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம், லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது நேராக உள்ளே போகும் குற்றம்.

நம்முடைய ஒற்றைக் குழலுக்குத் திரும்புவோம். பெட்டியில் மிஞ்சிய ஐந்து பொருளை வைத்து, காட்டிலிருந்து வந்த இரவே செய்ய வேண்டிய வேலை இருபது நிமிடம். குழலை மடக்கி, அறை காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். மீதித் தோட்டா அதே மேசையில் இருக்கக்கூடாது, பூட்டிய வேறு இடத்தில் போய்விட வேண்டும். முன்கட்டையையும் குழலையும் கழற்றுங்கள். தாளைத் தள்ளுங்கள். கரைப்பான் ஊறட்டும், அதற்குள் வெளிப்புறத்தைத் துடையுங்கள், குறிப்பாக இடதுகை பிடித்த இடம், விசைக் காப்பு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் துணி எட்டாத சந்து. பல் துலக்கும் பழைய பிரஷ், சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் அடியில் நன்றாகப் போகும். பிறகு வெண்கலப் பிரஷ் எட்டுப் பத்து முறை, அறைக்குப் பெரிய பிரஷ், துணி வெள்ளையாக வரும்வரை, கடைசியில் குஞ்சத்தில் எண்ணெய். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குழல் கண்ணாடிபோல் வளையம் வளையமாகத் தெரிய வேண்டும். கண்ணை ஏமாற்றும் நிழல் விழுந்தால் குழலைத் திருப்புங்கள். நிழல் அதே இடத்தில் நின்றால் வெளிச்சத்தின் வேலை, குழலோடு சேர்ந்து திரும்பினால் துருக்குழி.

எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்க மூலையில் சாத்துவதுதான் எல்லோர் வழக்கமும். அந்த எண்ணெய் எங்கே போகும்? மெல்ல மெல்ல இறங்கி, விசைப் பெட்டியைத் தாண்டி, கட்டையின் தலைப்பக்கத்தில் ஊறும். பழைய துப்பாக்கிகளில் இரும்பும் மரமும் சேரும் இடம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மெத்தென்று இருப்பதைக் காணலாம். எண்ணெய் தின்ற மரம் சுடும் உதைப்பில் விண்டு கொடுக்கும். குழல் வாயைக் கீழே வைத்து, அடியில் நாலாக மடித்த துணி போட்டு, பூட்டும் அலமாரிக்குள் நிறுத்துங்கள். மரத்துக்குத் தடவ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் நல்லது, நாலு சொட்டு, உள்ளங்கையால் சூடு பிறக்கத் தேய்த்தால் போதும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள்.

மறுபடி காட்டுக்கு எடுக்கும் நாளில், தோட்டா போடுமுன், காய்ந்த துணி ஒன்றை ஒரு இழுப்பு. எண்ணெய் வழியும் அறையில் தோட்டாவின் கூடு சுவரைப் பிடிக்காது, உதை முழுக்கப் பூட்டின்மேல் விழும். அதோடு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு பார்வை. ஒரு மாதம் சும்மா நின்ற துப்பாக்கியில் மண்குளவி கூடு கட்டியிருக்கும், அதன்மேல் சுட்டால் குழல் வெடிக்கும். வீட்டில் 20 போரும் இருந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மஞ்சள் நிற 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவி, சரிவில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே 12 போர் தோட்டா ஒன்றைப் போட இடமும் இருக்கும், சுட்டால் குழல் வெடிக்கும்.

பெட்டியின் ஸ்பான்ஜ் மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் வெண்கலப் பிரஷ் பச்சை பூத்துவிடும். மெத்தையைப் பிடுங்கிவிட்டு உருப்படியான ஐந்தையும் பிஸ்கட் டின்னில் போடுங்கள். துப்பாக்கிக்கும் இதே நியாயம்தான், தோல் உறையிலோ பஞ்சு வைத்த பையிலோ எடுத்துச் செல்லலாம், அதில் குடியிருக்க விடக்கூடாது. அலமாரிக்குள் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகையாகப் பார்த்து. ஆரஞ்சாக இருந்தது கரும்பச்சையானால் நிரம்பிவிட்டது. அடுப்பங்கரை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம், தட்டில் பரப்பி. ஓவன் இல்லாவிட்டால் இரும்புக் குவாலியில் (வாணலியில்) சின்னத் தீயில் கிளறலாம், கடுகு வறுக்கும் பதம் தாண்டக்கூடாது, நிறம் திரும்பியதும் இறக்கிவிட வேண்டும். அந்தக் குவாலியில் பிறகு சமைக்காதீர்கள். காமிரா வைக்கும் மின்சார உலர் பெட்டி வாங்கும் வசதி இருந்தால் ஈரப்பதத்தை 45க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் வையுங்கள். இன்னும் காய்ந்தால் நல்லது என்று 35க்கு இறக்கினால் கட்டை சுருங்கி, கீலுக்குப் பின்னால் முடிபோல் ஒரு விரிசல் விடும்.